மேல் வீட்டுக் கரண்ட்

ஏப்ரல் 3, புதன்

இன்று காலை ஒன்பதரை மணிக்கு, கீழ் வீட்டிலிருந்து மேல் வீட்டுக்கு வரும் வயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினேன். ஃப்யூஸ் ஏற்கெனவே போயிருந்ததால் ஷாக் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அந்தப் பழியையும் தவசி தலையில்தான் போட்டிருப்பேன்.

தவசி என் மச்சினன். என் மனைவி வடிவின் தம்பி. மைக் செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவன். மாமனார் வீட்டைப் பிரித்தபோது கீழே மகனுக்கு, மாடி மகளுக்கு என்று பிரித்தார். மீட்டரைப் பிரிக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அது கீழே தவசியின் வீட்டுக்குள் இருக்கிறது. மேலே ஃப்யூஸ் போனால் நான் இறங்கிப் போய், அவன் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செரும வேண்டும். பதினான்கு மாதமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. ஆகவே செருமல் மட்டும்தான்.

இன்று நான் செருமுவதற்குள், கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆர்டர் கொடுக்க வந்த ஆளிடம் அவன் சொன்னது காதில் விழுந்தது. “எங்க அத்தான் முப்பது வருசமா நம்ம கரண்ட்லதான பேப்பர் படிக்காக.” இருவரும் சிரித்தார்கள். நான் மேலே வந்து பிளேயரைத் தேடி எடுத்தேன்.

தனி மீட்டர் வாங்கலாம்தான். வீடு இன்னும் மாமனார் பெயரிலேயே இருப்பதால் அதற்குத் தவசியின் கையெழுத்து வேண்டும். அதைக் கேட்பதற்குப் பதில் நான் விசிறியோடு காலத்தைக் கழித்துவிடுவேன். சூரியன் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. சிவகாசியில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது. சோலார் போடப் போகிறேன். யார் துணையும் இல்லாமல், நானே.

அதை எழுதி வைக்கத்தான் இந்த டைரி. முப்பத்தோரு வருடம் நான் புரூஃப் பார்த்த அச்சகத்தில் தப்பாக அச்சாகி ஒதுக்கப்பட்டது. இதில் ஏப்ரல் 31 என்று ஒரு பக்கம் இருக்கிறது. என் கண்ணுக்குத் தப்பிய ஒரே பிழை. அடுத்த மாதமே ஓய்வு கொடுத்து, பிரிவுபசாரத்தில் இந்த டைரியில் ஒரு கட்டையும் கையில் கொடுத்தார்கள். நக்கலா, அன்பளிப்பா என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஏப்ரல் 4

வடிவு அம்மியில் சட்னி அரைத்தாள். அரைத்த சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்றே அரைத்தது போல் இருந்தது. போனைச் சார்ஜ் போடக் கீழே போனாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 6

மதுரையிலிருந்து சம்பந்தியம்மா போன். எங்கள் மகள் முத்துச்செல்விக்கு ஏழாம் மாதம் முடியப் போகிறது. மே 19 ஞாயிற்றுக்கிழமை அங்கே வளைகாப்பு. முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு நாங்கள் இங்கே அழைத்து வர வேண்டும். காலகாலமாக நடக்கிற முறை.

“கரண்டே இல்லாத வீட்டுக்கு, அதுவும் கத்திரி வெயில்ல, எப்படிங்க புள்ளத்தாச்சியை அனுப்புறது? இங்கேயே பெத்துக்கிடட்டும். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

யார் சொல்லியிருப்பார்கள்? வடிவுதான் மகளிடம் சொல்லியிருப்பாள். அவளைத் திட்டலாம் என்று திரும்பினால், போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையின் முதல் பிரசவத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று அழுகிறாள். நான் என்ன செய்ய? வளைகாப்புக்குள் நம் வீட்டில் ஃபேன் சுற்றும் என்று சத்தியம் செய்தேன். “யார் சுத்தவிடப் போறா?” என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்?

ஏப்ரல் 9

மூடிவிட்ட ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எல்லாம் ஒன்றாகவே கிடைத்தது. பேனல் இரண்டு, பேட்டரி இரண்டு, இன்வெர்ட்டர் ஒன்று. இன்வெர்ட்டரில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு விளக்குகள். எது எதற்கு என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உரிந்துபோயிருக்கிறது. விற்றவருக்கும் தெரியவில்லை. எரியும்போது தெரிந்துகொண்டால் போகிறது.

ஏப்ரல் 11

பேனலை மொட்டைமாடிக்கு ஏற்றினோம். ஏற்றினேன் என்று எழுதத்தான் ஆசை. ஒரு பக்கம் வடிவு பிடித்தாள். பாதிப் படியில், “தவசிகிட்ட ரெண்டு பையங்க இருக்காங்க, அஞ்சு நிமிச வேலை” என்றாள். எனக்கு மூச்சு வாங்கியது.

யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் மிகத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கிறார். பேனலைத் தெற்குப் பார்த்து முப்பத்தைந்து டிகிரி சாய்க்க வேண்டும் என்றார். செல்வியின் பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானியை வைத்து அளந்து அப்படியே சாய்த்தேன். ஒரு டிகிரி பிசகவில்லை.

ஏப்ரல் 13

டிரில்லிங் மெஷின் பேட்டரியில் ஓடுவது, வாடகைக்கு எடுத்தது. இடது கட்டைவிரல். நான்கு தையல்.

ஏப்ரல் 15

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. கரண்டை அளந்து விடுகிற வேலை அதற்கு. இன்று அதிலிருந்து புகை வந்தது.

முப்பத்தோரு வருடம் கறுப்பு எழுத்தில் சிவப்பு மையால் பிழை திருத்தியவன், சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இதை வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை. வடிவு கேட்டதற்கு, பெட்டி கம்பெனியிலேயே பழுது என்றேன். “அப்படியா” என்றாள். இந்த ஊரில் ‘அப்படியா’வை அவளைப் போல் சொல்ல ஆள் கிடையாது.

ஏப்ரல் 18

புதுக் கன்ட்ரோலர் வாங்கி மாட்டினேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மூன்று முறை பார்த்தேன், நான்காவது முறை வாய்விட்டுப் படித்தேன். ஆனாலும் கரண்ட் பாதிகூட வரவில்லை. உச்சிவெயிலில் தலை கொதிக்க நிற்கிறேன், கன்ட்ரோலரின் முள் நகர மாட்டேன் என்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனலை எட்டி உதைத்திருப்பேன். கால் விரலையாவது காப்பாற்றுவோம் என்று விட்டேன்.

பிறகுதான் கவனித்தேன். துணி காயப்போடும் கொடிக்கு நட்டிருக்கிற இரும்புக் கம்பிக்கு நிழலே இல்லை. சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. நான் பேனலைத் தெற்கே சாய்த்து, சூரியன் குளிர்காலத்தில்கூட எட்டிப் பார்க்காத இடத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வெள்ளைக்காரர் அவர் ஊருக்குச் சொல்லியிருக்கிறார். அவர் ஊரில் சூரியன் கூரை ஓரமாகப் போய்விட்டு வருமாம். நம் ஊரில் அது மண்டையில் ஏறி உட்காருவது எனக்குத் தெரியாதா? ஐம்பத்தொன்பது வருடமாக இந்த மண்டையோடுதானே திரிகிறேன்?

ஏப்ரல் 20

செங்கல் வைத்துப் பேனலை ஏறக்குறையப் படுக்கவே வைத்துவிட்டேன். ஒன்பது டிகிரி. தண்ணீர் வழிந்தோடும் அளவுக்குத்தான் சாய்வு. முள் நன்றாக ஏறியது. பத்து மணிக்கு மேல் திடீரென்று விழுந்தது. ஒரு மணிக்கு மறுபடி ஏறியது. நேற்றும் இப்படித்தான். ஏன்?

ஏப்ரல் 22, திங்கள்

ஏன் என்று தெரிந்தது. வடிவின் சேலை.

குளித்துவிட்டுப் பத்து மணிக்குக் கொடியில் விரிக்கிறாள். அதன் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் ஒரு முழம் விழுகிறது. இரண்டு பேனலையும் நான் கோத்துக் கட்டியிருப்பதால், ஒன்றின் ஓரத்தில் நிழல் விழுந்தாலே இரண்டும் சேர்ந்து படுத்துவிடுகின்றன. நான்கு நாளாக ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்தது ஒரு வாயில் சேலைக்காக.

கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன். “வேணும்னேதான் போடுறியா? உன் தம்பி ஜெயிக்கணும்னு போடுறியா?” என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவள் சேலையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். ஈரம் சொட்டியது. “என் சேல நிழலு விழுந்ததுக்கு இம்புட்டுச் சத்தம் போடுறீகளே, செல்வி கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரு இல்லாமப் போனப்ப என் தம்பி ஒரு சத்தம் போட்டானா?” என்றாள்.

அது விடுபட்டுப் போனது. அச்சகத்தில் அப்படி நடப்பதுதான். அன்றைக்கே சொல்லிவிட்டேன். எத்தனை தடவை சொல்வது?

ஏப்ரல் 23

ஃபேன் சுற்றியது! காலை பதினொன்று இருபதுக்கு, சிவப்பு விளக்கு எரிய, நடு ஹாலில், யார் தயவும் இல்லாமல் சுற்றியது. வடிவைக் கூப்பிட்டு ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தேன். சிரித்தாள். அவள் சிரித்து இருபது நாள் ஆகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே செல்விக்குப் போன் செய்து, ஃபேன் சத்தத்தைக் கேட்க வைத்தேன். “கேக்குதுப்பா” என்றாள்.

ஒன்றரைக்கு நின்றுவிட்டது. பேட்டரியில் தண்ணீர் குறைவு. குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை எடுத்து நிறைய ஊற்றினேன். மனுசன் குடிக்கிற சுத்தமான தண்ணீர், பேட்டரிக்கு ஆகாதா என்ன.

ஏப்ரல் 25

பேட்டரி வீங்கியிருக்கிறது. அழுகின முட்டை நாற்றம். வடிவு கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். ஃபேன் அசையவில்லை. விளக்கு எதுவும் எரியவில்லை.

மாலையில் சம்பந்தியம்மா போன். மதுரையிலேயே ஆஸ்பத்திரியில் பதிந்துவிடலாமா என்று கேட்கிறார்கள். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. கெஞ்சுகிற குரல்.

எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. அதுதான் உண்மை. புத்தகத்தில் எங்கே தப்பு என்று சொல்லத் தெரிந்தவன், கண் முன்னால் வெந்துகொண்டிருக்கிற பேட்டரியில் எங்கே தப்பு என்று தெரியாமல் நிற்கிறேன். கீழே ஒருவன் இருக்கிறான், ஒரு பார்வையில் சொல்லிவிடுவான். இருக்கட்டும்.

ஏப்ரல் 26

காலை பஸ்ஸில் மதுரை போய்ச் செல்வியைப் பார்த்தேன். மாம்பழம் கொடுத்தேன். வயிறு நன்றாகத் தெரிகிறது. கால் வீங்கியிருக்கிறது. வாசல்வரை வந்து, “அப்பா, நான் அம்மாகிட்ட வந்துருறேன்ப்பா. ஃபேன் இல்லாட்டியும் பரவாயில்ல” என்றாள். அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பஸ்ஸில் வழி முழுக்க அதுதான் காதில் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினால், ஃபேன் சுற்றுகிறது!

வடிவு ஃபேனுக்குக் கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “தானா ஓட ஆரம்பிச்சிருச்சு” என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிகிறது. இப்போது புரிகிறது, சிவப்பு என்றால் அரைகுறை, பச்சை என்றால் முழுமை. ஒரு நாள் ஓய்வு கொடுத்ததில் பேட்டரி தேறிவிட்டது. நாற்றமும் இல்லை. இயந்திரத்தைப் போட்டுப் பாடாய்ப் படுத்தக் கூடாது, அது ஒன்றுதான் என் தவறு.

ஏப்ரல் 29

மூன்று நாளாக வானம் மூடிக் கிடக்கிறது, ஆனால் மழை இல்லை. ஃபேன், டியூப்லைட், மிக்ஸி எல்லாம் ஓடுகின்றன. இவ்வளவு மேகத்திலும் ஓடுகிறது என்றால் பேனலை நான் படுக்க வைத்த விதம் அப்படி. எதிர்வீட்டு வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, “மேகத்துல கூடவா?” என்று இரண்டு தடவை கேட்டார். பொறாமை.

மாடிப்படிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயை ஒட்டி வெள்ளையாக ஒரு வயர் புதிதாகத் தெரிகிறது. கேபிள்காரன் வேலையாக இருக்கும். வடிவு தூக்குவாளியில் குழம்பு எடுத்துக்கொண்டு கீழே போகிறாள். தம்பி வீட்டுக்கு அக்கா குழம்பு கொண்டுபோவதைத் தடுக்க நான் என்ன ராட்சசனா.

ஏப்ரல் 31

இப்படி ஒரு நாள் இல்லை. அதனால் இங்கே எழுதுவது எழுதியதாகாது.

பத்திரிகையில் அவன் பெயர் விடுபட்டுப் போகவில்லை. புரூஃபில் இருந்தது. ‘தாய்மாமன் தவசி’ என்று பளிச்சென்று இருந்தது. சிவப்புப் பேனாவால் நான்தான் அடித்தேன்.

மண்டபத்துக்கு லைட், மைக், வாசல் அலங்கார வளைவு எல்லாம் அவன் இலவசமாகச் செய்வதாகச் சொன்னான். வருகிறவர் போகிறவர் எல்லாம் “தவசி இருக்கான், ஒனக்கென்ன கவலை” என்றார்கள். என் மகள் கல்யாணம். நான் அவன் அப்பாவின் மாடியில் குடியிருக்கிறவன், அவன் கரண்டில் படிக்கிறவன், அவன் லைட்டில் மகளைக் கட்டிக்கொடுக்கிறவன். ஒரு தாளிலாவது அவன் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அவன் வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. எல்லா லைட்டையும் எரியவிட்டு, சாப்பிடாமல் போனான்.

மே 4, சனி

கத்திரி தொடங்கியது. நான் கடைத்தெருவில் இருந்தபோது அரைமணி நேரம் கரண்ட் போனதாம். வீட்டுக்கு வந்து, “நம்ம வீட்ல ஓடுச்சா?” என்று கேட்டேன். “ஓடுச்சே” என்றாள் வடிவு, முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு.

மே 8

பேப்பரில் போட்டிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை, 11ஆம் தேதி, மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை மின்தடை. இரண்டு முறை படித்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது.

சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன். “சனிக்கிழமை வாங்க. பதினோரு மணிக்கு வாங்க. ஊர் பூரா கரண்ட் இருக்காது. எங்க வீட்ல ஃபேன் சுத்துறதக் கண்ணால பாத்துட்டு, அப்புறம் புள்ளைய அனுப்பலாமா வேண்டாமானு சொல்லுங்க.” வருவதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வடிவின் முகத்தில் ரத்தமே இல்லை.

மே 9

சனிக்கிழமை அஷ்டமி என்கிறாள் வடிவு. நாங்கள் அச்சடித்த காலண்டரையே எடுத்துக் காட்டினேன். அஷ்டமி இல்லை. அப்படியானால் அவளுக்கு உடம்பு சரியில்லையாம். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மகள் வரப்போகிற பதற்றம்.

மே 10

வடிவு இன்று கீழே நான்கு தடவை போய் வந்தாள். தவசி எங்கேயோ கோயில் கொடைக்கு மைக் செட் கட்டப் போயிருக்கிறானாம், போனை எடுக்கவில்லையாம். அவன் வராததற்கு இவள் ஏன் நகத்தைக் கடிக்கிறாள் என்று தெரியவில்லை.

மே 11, சனி

ஒன்பது மணிக்கு நான் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு, புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டில் ரேடியோ நின்றது. தெருவில் மாவு மில் நின்றது. சிரித்துக்கொண்டு மேலே பார்த்தேன். என் ஃபேனும் நின்றுகொண்டிருந்தது.

இன்வெர்ட்டரைப் போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு இல்லை. சிவப்பு ஒருமுறை மினுக்கி, ‘கீ’ என்று கத்திவிட்டு அதுவும் போய்விட்டது. தெருவுக்கும் என் வீட்டுக்கும் ஒரே நிமிடத்தில் கரண்ட் போகிறது என்றால்? வடிவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

இன்வெர்ட்டருக்குப் பின்னால் கையை விட்டேன். ஒரு வெள்ளை வயர். அதைப் பிடித்துக்கொண்டே போனேன். காலண்டருக்குப் பின்னால், வெண்டிலேட்டர் வழியாக, மாடிப்படிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயை ஒட்டி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். வயர் தவசியின் ஜன்னலுக்குள் போனது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு செருமாமல் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

மெயின் போர்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சுவிட்ச். வயர் அதில் போய் முடிந்தது. மைக் செட் வயர்களுக்கு அடையாளம் ஒட்டுவானே, அந்த மாதிரி வெள்ளை பிளாஸ்திரியில் பேனாவால் பெயர் எழுதி ஒட்டியிருந்தான். ‘அத்தான்.’

எத்தனை நேரம் அதையே படித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம். தவசி இறங்கி வந்தான். கொடை முடிந்து நேராக வருகிறான். நெற்றியில் திருநீறும் கரியுமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

“எப்ப இருந்து?” என்றேன்.

“நீங்க மதுரைக்குப் போனீகள்ல, அன்னைக்கு. ரெண்டு பேட்டரியும் வெந்து போச்சு அத்தான். கேன் தண்ணி ஊத்தியிருக்கீக. அதுக்குன்னு தனியா தண்ணி இருக்குல்ல. அக்கா வந்து அழுதா. நான் என்ன செய்ய?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா இந்த வயரையும் வெட்டியிருப்பீக.”

வெட்டியிருப்பேன்.

“அன்னைக்கு நான் சொன்னது வெளாட்டுக்கு. உங்க காதுல விழுந்துருச்சுன்னு அக்கா சொல்லித்தான் தெரியும்” என்றான். பிறகு கையில் வாட்சைப் பார்த்தான். “சம்பந்தி எத்தன மணிக்கு?”

“பதினொண்ணு.”

“அப்பப் பேச நேரமில்ல. வண்டில எங்க மைக் செட் பேட்டரி ரெண்டு கெடக்கு, சார்ஜோட. பிடிங்க ஒரு பக்கம்.”

பேட்டரி என்ன கனம் என்பது இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் தெரியும். நான் மேல் படியில், அவன் கீழ்ப் படியில். பாரம் முழுக்க அவன் பக்கம்தான் இறங்கியது. நடுப்படியில் மூச்சு வாங்க நின்றோம். என்னால் அதற்குமேல் முடியவில்லை. பேட்டரியைச் சொல்லவில்லை.

“மாப்ள, பத்திரிகையில உன் பேரு விட்டுப் போகல. நான்தான் அடிச்சேன்” என்றேன்.

“தெரியும். அந்தப் புரூஃப் தாளை அக்கா அப்பவே கொண்டாந்து காமிச்சா. சிவப்பு மை. உங்க கைதான்” என்றான். “கையை விட்றாதீங்க அத்தான், கால்ல விழும்.”

விடவில்லை. இரண்டாவது பேட்டரியையும் அப்படியே ஏற்றினோம். அவன் பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, மொட்டைமாடிக்குப் போய்ப் பேனலைச் சுற்றிவந்து பார்த்தான். நான் பரீட்சைத் தாள் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி நின்றேன். “பேனல் மட்டும் சுத்தமா வச்சிருக்கீக. எங்க ஆளுககூட இப்படி வைக்க மாட்டானுக” என்றான். வடிவு கொடியில் கிடந்த சேலையைத் தானாகவே உருவிக்கொண்டு போனாள்.

பத்தே முக்காலுக்கு ஃபேன் சுற்றியது. சிவப்பு விளக்கு. பச்சை என்றால் கீழ் வீட்டுக் கரண்ட், சிவப்பு என்றால் சோலார் என்று இப்போதுதான் விளங்கியது. தெருவே வேர்த்துக்கொண்டிருக்க, என் பேனலின் கரண்டில்.

சம்பந்தியம்மா சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். மேலே பார்த்தார், சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தார், ஜன்னல் வழியாக எதிர்வீட்டில் விசிறிக்கொண்டிருந்த வாத்தியாரைப் பார்த்தார். “பரவாயில்லையே! எல்லாம் நீங்களே செஞ்சதாமே?” என்றார்.

ஒரு ‘ஆமாம்’ சொன்னால் போதும். முப்பத்தெட்டு நாளாக அந்த ஒரு ‘ஆமாம்’ சொல்லத்தான் பாடுபட்டேன். தவசி பழைய பேட்டரியின் மூடியைத் துணியில் சுற்றிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் நழுவப் பார்த்தான். கரியும் வேர்வையுமாக வாசல்வரை போய்விட்டான்.

“மாப்ள, நில்லு” என்றேன். சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். “கெடுத்ததெல்லாம் நான். ஓட வச்சது இவன். செல்வியோட தாய்மாமன்.”

அவர் தவசியை ஏற இறங்கப் பார்த்தார். “கல்யாணத்துல பாத்து மைக் செட்காரர்னுல்ல நெனைச்சேன். பத்திரிகையில பேரு பாத்த ஞாபகம் இல்லியே?”

“என் தப்புங்க” என்றேன். விடுபட்டுப் போனது என்று சொல்லவில்லை.

ஃபேன் மட்டும் டக் டக் என்று சுற்றியது. பிறகு அவர், “தாய்மாமன் இங்க கீழ் வீட்லயே இருக்காரா? ஆத்திர அவசரத்துக்கு வண்டியும் இருக்கா?” என்று கேட்டார். தவசி இருக்கிறது என்று தலையாட்டினான். “அப்புறம் என்ன. ஃபேன் நின்னாலும் ஆளு இருக்குல்ல. பத்தொம்பதாம் தேதி கூட்டிட்டுப் போங்க” என்றார்.

இந்த ஃபேனைச் சுற்றவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! அவர் அதற்காக அனுப்பவே இல்லை.

மே 14

தனி மீட்டருக்குக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா என்று தவசி கேட்டான். வேண்டாம் என்றேன்.

மே 19, ஞாயிறு

வளைகாப்பு. முதல் வளையல் தாய்மாமன் வாங்கி வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலை அவனுடையது. இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மே 20

செல்வி ஹாலில் பாய் விரித்து ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிறாள். வடிவு கால் பிடித்துவிடுகிறாள். வெளியே அனல் அடிக்கிறது.

“அப்பா, இப்ப ஓடுறது உங்க சோலாரா, மாமா கரண்டா?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா” என்றேன்.

உண்மையிலேயே தெரியவில்லை. எழுந்து போய் எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். நான் போகவில்லை. பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.